ஸ்டீராய்டு மாத்திரையும் என் நகமும் முடியும்: ஒரு தையல்காரியின் கைக்குறிப்பு

எனக்கு லூபஸ். சீட்டில் எஸ்.எல்.இ. என்று எழுதுவார்கள். உடம்பின் எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்குகிற நோய்; மூட்டு, தோல், சிறுநீரகம் என்று எதை வேண்டுமானாலும் பிடிக்கும், பெண்களைத்தான் அதிகம் பிடிக்கும். பல வருஷமாகப் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். ஆரம்பத்தில் 40 மி.கி., இப்போது 7.5. கூடவே ஹைட்ராக்சிகுளோரோகுயின், கால்சியம், வைட்டமின் டி.

தொழில் தையல். கும்பகோணத்தில் வீட்டு முன்னறையிலேயே மிஷின் போட்டிருக்கிறேன். ரவிக்கை, புடவைக்கு ஃபால்ஸ், கொக்கி வைப்பது, ஹெம்மிங். முகூர்த்த மாதங்களில் பட்டு குவியும். பிளந்த நகம் பட்டில் மாட்டினால் ஒரு இழையை இழுத்துவிடும். அப்புறம் அந்தப் புடவைக்காரிக்கு நான் பதில் சொல்ல வேண்டும். அதனால் நகத்தின் மேல் எனக்கு மற்றவர்களைவிட அக்கறை கொஞ்சம் அதிகம்.

தஞ்சாவூரில் ஓ.பி. பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் பெண்கள் மூட்டு வலியைவிட முடியைப் பற்றித்தான் என்னிடம் கேட்கிறார்கள். "அக்கா, மாத்திரையை நிறுத்துனா முடி திரும்ப வந்துடுமா?" இந்தக் கேள்விக்கு மட்டும் நான் சிரித்துக்கொண்டு பதில் சொல்வதில்லை. நிறுத்தக் கூடாது. சில வாரங்களுக்கு மேல் ஸ்டீராய்டு சாப்பிட்டால், உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டான கார்ட்டிசால் தூங்கிப்போகும். திடீரென்று மாத்திரையை விட்டால் தலைசுற்றல், வாந்தி, ரத்த அழுத்தம் இறங்குவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். நோயும் மறுபடி கிளம்பும். டோஸைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை. ஆனால் நகமும் முடியும் கெட்டுப்போவதில் பெரிய பங்கு தண்ணீரும், இழுப்பும், நாமே கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் சாமான்களும்தான். அந்தப் பங்கு முழுக்க நம் கையில் இருக்கிறது. கீழே எழுதியிருப்பது அதைப் பற்றித்தான்.

முதலில் எது யார் வேலை என்று பாருங்கள்

எல்லாப் பழியையும் ஸ்டீராய்டு மேல் போட்டுவிடுவது சுலபம். அதன் வேலைகள் தெரிந்தவைதான்: முகம் உருண்டையாவது, கன்னத்திலும் தாடையிலும் பூனைமுடி வருவது, தோல் மெலிந்து தொட்டால் நீலம் பாரிப்பது, தலைமுடி மெலிவது, புண் ஆறத் தாமதமாவது, பூஞ்சை சுலபமாகப் பிடிப்பது. ஆனால் நகம் உடைவதற்கும் முடி கொட்டுவதற்கும் வேறு ஆட்களும் உண்டு.

ஒன்று, நோய். லூபஸ் சூடாக இருக்கும்போது நெற்றி ஓரத்து முடி மெலிந்து, குட்டை குட்டையாக ஒடிந்து நிற்கும். நோய் அடங்கினால் அது திரும்ப வரும். ஆனால் தலையில் செதிலோடு சிவந்த வட்டமாக வந்து, நடுவில் வெளுத்து, தழும்பாகும் வகை ஒன்று இருக்கிறது. தழும்பான இடத்தில் முடி திரும்ப முளைக்காது. அதனால் வட்டமாக எதைப் பார்த்தாலும் அடுத்த தேதி வரை காத்திருக்க வேண்டாம்.

இரண்டு, கூடச் சாப்பிடும் மற்ற மருந்துகள். மெத்தோட்ரெக்சேட், அசாத்தியோபிரின், சைக்ளோபாஸ்பமைடு எல்லாம் முடியைக் கொட்ட வைக்கலாம். மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு முறை மட்டும் சாப்பிட வேண்டியது. அதோடு தரும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையைப் பலர் 'சத்து மாத்திரைதானே' என்று விட்டுவிடுகிறார்கள். அதை விடாதீர்கள்.

மூன்று, ரத்தமும் தைராய்டும். வலி மாத்திரையையும் ஸ்டீராய்டையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்களுக்கு வயிற்றில் புண் வந்து, தெரியாமல் ரத்தம் கசியலாம். மாதவிடாயில் அதிகம் போகிறவர்கள் வேறு. இரும்புச் சத்து இறங்கினால் நகம் மெலிந்து, நடுவில் குழிந்து கரண்டி மாதிரி ஆகும், முடியும் கொட்டும். தைராய்டு கோளாறு லூபஸ்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வரும். அதற்கும் இதே அடையாளங்கள்தான். ஆகவே ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்பு இருப்பு), டி.எஸ்.எச். (தைராய்டு) மூன்றும் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று கேளுங்கள். உடம்பில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் அளவு பொய்யாக ஏறிக் காட்டும். அந்தத் தாளை டாக்டர் படிக்கட்டும், பக்கத்து வீட்டு நர்ஸிங் படிக்கிற பெண்ணோ கூகுளோ வேண்டாம்.

நான்கு, தண்ணீர். அதற்கு அடுத்த பகுதி முழுக்க ஒதுக்கியிருக்கிறேன்.

ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பதற்றம் குறையும். இன்று சீப்பில் வரும் முடி இன்றைக்குக் கெட்டுப்போனதல்ல. பெரிய காய்ச்சல், நோய் வெடித்த சமயம், ஆபரேஷன், பிரசவம் என்று எது நடந்தாலும், அதற்கு 2 அல்லது 3 மாதம் கழித்துத்தான் முடி கொத்தாகக் கொட்டும். மாத்திரை ஆரம்பித்த பிறகு கொட்டியதால் மாத்திரைதான் காரணம் என்று தோன்றும். பல பேருக்கு அது, மாத்திரைக்கு முன்னால் நோய் போட்ட ஆட்டத்தின் பாக்கி.

நகத்தில் இந்தக் கணக்கை அளந்தே பார்க்கலாம். கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மி.மீ. வளரும். பல நகங்களில் ஒரே உயரத்தில் குறுக்காக ஒரு பள்ளம் இருந்தால், அந்தச் சமயத்தில் உடம்பு நகம் வளர்ப்பதைச் சற்று நிறுத்திவைத்தது என்று அர்த்தம். நான் தையல் டேப்பின் சென்டிமீட்டர் பக்கத்தை வைத்து, நகக்கண்ணிலிருந்து பள்ளம் வரை அளப்பேன். 6 மி.மீ. என்றால் சுமார் இரண்டு மாதத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்று யோசிப்பேன். கெட்ட பகுதி வெட்டுப்பட்டுப் போகக் கை நகத்துக்கு 4 முதல் 6 மாதம், கால் நகத்துக்கு ஒரு வருஷமோ அதற்கு மேலோ ஆகும். ஒரு எண்ணெயைப் பத்து நாள் தடவிவிட்டு 'பலனில்லை' என்று தூக்கிப் போடுவது இதனால்தான் நியாயமில்லை.

நகம்: தண்ணீரைத் தடுத்தாலே பாதி சரி

லைனிங் துணியைத் தண்ணீரில் போட்டுக் காயவைத்தால் சுருங்குகிறதல்லவா, நகமும் அப்படித்தான்: ஈரத்தைக் குடித்து உப்பும், காய்ந்து சுருங்கும். ஒரு நாளில் இருபது தடவை இது நடந்தால் அடுக்கடுக்காக இருக்கும் நகத்தின் நுனி பிரிந்து பெயரும். பாத்திரம் தேய்க்கும் சோப்பு, துணி சோப்பு, தரை துடைக்கும் திரவம் எல்லாம் நகத்தில் இருக்கும் கொஞ்ச எண்ணெயையும் கழற்றிவிடும்.

ரப்பர் கையுறை போடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், நம் ஊர் வெயிலில் ஐந்து நிமிஷத்தில் உள்ளே வியர்த்து, கை ஊறிப்போகும். அப்போது கையுறை போடாமலே இருந்திருக்கலாம். உள்ளே பருத்தி உறை ஒன்று வேண்டும். கடையில் தேடவேண்டாம், பழைய பனியனில் தைத்துக்கொள்ளலாம். விரல்களை லேசாக விரித்துக் கையைக் காகிதத்தில் வைத்து வரையுங்கள். சுற்றிலும் கால் அங்குலம் விட்டு வெட்டுங்கள். பனியன் துணி இழுபடும் பக்கம் கையின் குறுக்காக வரட்டும். இரண்டு துண்டையும் சேர்த்துத் தைத்தபின் புரட்டாதீர்கள், அப்படியே போடுங்கள். தையல் வெளிப்பக்கம் இருந்தால் நகத்தை அழுத்தாது. நான்கு ஜோடி இருந்தால் துவைத்து மாற்ற வசதி. வெளியே போடும் ரப்பர் கையுறை ஒரு சைஸ் பெரிதாக இருக்கட்டும்.

பாத்திரத்தைக் காலை மாலை என்று சேர்த்துவைத்துத் தேய்ப்பது நல்லது. ஒவ்வொரு டம்ளருக்கும் கையை நனைத்தால் உறை போட்டு மாளாது. வீட்டில் ஆண்பிள்ளைகள் இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் தள்ளுவதற்கு நோயைவிட நல்ல காரணம் கிடைக்காது.

கை கழுவியபின் ஒற்றித் துடைத்து, ஈரம் முழுதாகப் போகும் முன்னே நகத்திலும் நகக்கண்ணிலும் ஏதாவது பிசுக்கைத் தடவுங்கள். வாஸ்லின் போதும், தேங்காய் எண்ணெய் போதும். விலை கூடின கிரீமுக்கு இதைவிடப் பெரிய சக்தி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எனக்கு ஒரு சிக்கல், பகலில் எண்ணெய்க் கையோடு பட்டைத் தொட முடியாது. அதனால் பகலில் சமையலறையில் மட்டும், ராத்திரி படுக்கும்போது தாராளமாக வாஸ்லின் தடவி அதே பனியன் உறையைப் போட்டுக்கொள்கிறேன்.

வெட்டுவது. நகம் குட்டையாக இருக்கட்டும். நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிதான் உடையும். குளித்தபின் நகம் மெத்தென்று இருக்கும்போது வெட்டுங்கள், காய்ந்த நகத்தில் நகவெட்டியை அழுத்தினால் விரிசல் உள்ளே ஓடும். ஒரேயடியாகக் கடிக்காமல் ஓரத்திலிருந்து சிறிது சிறிதாக. ராவும்போது மட்டும் நகம் காய்ந்திருக்க வேண்டும். ஒரே திசையில் ராவுங்கள், முன்னும் பின்னும் அறுத்தால் அடுக்கு பிரியும். உலோக அரத்தைவிட உப்புக்காகிதம் ஒட்டின அட்டை ரம்பம் நல்லது. கால் நகத்தை நேராக வெட்டுங்கள், மூலையைத் தோண்டாதீர்கள். ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறியிருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

நகக்கண் தோலைத் தள்ளவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். பார்லரில் மெனிக்யூர் என்று முதலில் செய்வதே அதைத்தான். அந்தத் தோல்தான் கிருமி உள்ளே போகாமல் அடைத்துவைத்திருக்கும் தையல்.

நகத்தைக் கருவியாகப் பயன்படுத்தும் பழக்கம் நமக்கு நிறைய. பால் பாக்கெட் முனை, மாத்திரை அட்டை, டப்பா மூடி, ஸ்டிக்கர், சாவி வளையம். எனக்கு அதோடு நூல் பிரிப்பதும் கொக்கியை நிமிர்த்துவதும். இப்போது மிஷின் மேசையில் ஒரு ட்வீசரும் தையல் பிரிக்கும் கத்தியும் நூலில் கட்டித் தொங்குகின்றன, சமையலறையில் ஒரு சிறு கத்தரி. பட்டு வேலைக்கு உட்காரும் முன் பழைய நைலான் துண்டு ஒன்றின் மேல் விரல் நுனிகளை ஓட்டிப் பார்ப்பேன். எங்கே மாட்டுகிறதோ அங்கே ராவிவிட்டுத்தான் பட்டைப் பிரிப்பேன்.

பிளவு சதை வரை போய்விட்டால் பிய்க்காதீர்கள். மைக்ரோபோர் பிளாஸ்திரியைச் சின்னதாக வெட்டி நகத்தின் மேல் மட்டும் ஒட்டுங்கள். நம் தோல் மெலிந்திருக்கும், பிளாஸ்திரியைச் சடாரென்று உரித்தால் தோலும் வரும். எண்ணெய் தொட்டு ஊறவைத்து மெதுவாக எடுங்கள்.

நகப்பூச்சு போடலாமா? எப்போதாவது போட்டால் ஒன்றும் ஆகாது. அழிக்கிற திரவம்தான் வில்லன். அசிட்டோன் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள், அதையும் அடிக்கடி வேண்டாம். 'நகம் உறுதியாக' என்று விற்கும் சில பூச்சுகளில் ஃபார்மால்டிஹைடு இருக்கும். முதலில் கெட்டியாக்கும், நாளாக ஆக இன்னும் நொறுங்க வைக்கும். ஜெல் பாலிஷ் லூபஸ்காரர்களுக்கு ஆகவே ஆகாது. அதைக் காயவைக்கும் விளக்கு புறஊதா ஒளி. வெயிலுக்குக் குடை பிடிக்கிற நாம் பணம் கொடுத்து அதில் கையை நீட்ட வேண்டியதில்லை. மருதாணி இலையை அரைத்து வைக்கலாம். 'பத்து நிமிஷத்தில் கறுப்பாகும்' கோன் வேண்டாம், அதில் முடிச்சாயத்தில் போடும் ரசாயனம் இருக்கும், தோல் கொப்பளிக்கும்.

நகச்சுற்றும் பூஞ்சையும்

நகத்தைச் சுற்றிச் சிவந்து, வீங்கி, விண்விண்ணென்று தெறித்தால் நம் வீடுகளில் உடனே எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் மாட்டிவிடுவார்கள். மஞ்சள் வைத்துக் கட்டுவார்கள். மற்றவர்கள் என்னவோ செய்துகொள்ளட்டும், ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் அதை நம்பி நாள் கடத்தக் கூடாது. நமக்கு எதிர்ப்பு சக்தியை அடக்கிவைத்திருக்கிறார்கள். ஸ்டீராய்டு காய்ச்சலையும் வீக்கத்தையும் மூடி மறைக்கும். வெளியே கொஞ்சமாகத் தெரியும், உள்ளே சீழ் ஓடியிருக்கும். அன்றே அல்லது மறுநாளே டாக்டரிடம் காட்டுங்கள். கீறவேண்டியிருந்தால் அவர் கீறுவார். நாம் ஊசியைச் சுட்டுக் குத்த வேண்டாம்.

நகம் தடித்து, மஞ்சளித்து, அடியில் மாவு மாதிரி உதிர்ந்தால் பூஞ்சையாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். சோரியாசிஸ் நகமும் அப்படியே இருக்கும். நகத்தைச் சுரண்டி எடுத்துப் பரிசோதித்துவிட்டு மருந்து ஆரம்பிப்பதுதான் முறை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் பூஞ்சை மாத்திரை நமக்கு விளையாட்டு இல்லை. இட்ராகொனசோல் போன்றவை சில ஸ்டீராய்டுகள் உடம்பை விட்டு வெளியேறுவதைத் தடுத்து, டோஸ் கூடினது போல ஆக்கிவிடும். எந்த டாக்டர் எதை எழுதினாலும் உங்கள் மாத்திரைப் பட்டியலை அவர் முன் வையுங்கள்.

குளிரிலோ குளிர்ந்த தண்ணீரிலோ விரல் நுனி வெளுத்து, நீலமாகி, அப்புறம் சிவந்தால் அது நகப் பிரச்சினை அல்ல, ரத்தக் குழாய் சுருங்குவது. லூபஸில் சகஜம். மார்கழிக் காலையில் கோலம் போட வெறுங்கையோடு பச்சைத் தண்ணீர் தெளிப்பதை வேறு யாருக்காவது விட்டுக்கொடுங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள்.

பயோட்டின் வாங்கும் முன்

முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் மாத்திரைகளில் பெரும்பாலும் பயோட்டின் இருக்கும், 5,000 அல்லது 10,000 மைக்ரோகிராம் என்று. ஒரு நாளைக்குப் பெரியவர்களுக்குத் தேவையானது 30 மைக்ரோகிராம் அளவுதான், அது சாப்பாட்டிலேயே வந்துவிடும். நொறுங்கும் நகத்துக்குக் கொஞ்சம் பலன் தருவதாகச் சிறிய ஆய்வுகள் உண்டு, பெரிதாக ஒன்றும் இல்லை. தொல்லை வேறு இடத்தில். பயோட்டின் அதிகமாக உடம்பில் இருந்தால் சில ரத்தப் பரிசோதனைகள் பொய் சொல்லும். தைராய்டு முடிவு தலைகீழாகலாம். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் குறைவாகக் காட்டலாம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017ல் இதை எச்சரிக்கையாகவே வெளியிட்டது. மாதா மாதம் ரத்தம் கொடுக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஏற்கெனவே சாப்பிடுகிறீர்கள் என்றால் டாக்டரிடமும் லேபிலும் சொல்லி, எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முடி லேகியம், பெயர் எழுதாத பொட்டலப் பொடி பக்கமே போகாதீர்கள். உள்ளே என்ன என்று தெரியாததை, கல்லீரலுக்கு மாதா மாதம் பரிசோதனை பார்த்துக்கொண்டிருக்கிற உடம்பில் போட முடியாது. அல்ஃபால்ஃபா, எக்கினேசியா கலந்த சத்துப் பொடிகள் லூபஸ்காரர்களுக்கு விலக்கு. எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும்.

தலைமுடி

ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி எல்லோருக்கும் விழும். நீளமான முடி என்றால் அதுவே கைநிறையத் தெரியும். உட்கார்ந்து எண்ணாதீர்கள். மாதம் ஒரு முறை, அதே ஜன்னல் பக்கம், அதே இடத்தில் வகிடு எடுத்து ஒரு போட்டோ. அகலமாகிறதா இல்லையா என்று அது சொல்லும், மனசு சொல்வதை நம்ப முடியாது.

எண்ணெய்: குளிப்பதற்கு முன் தேங்காய் எண்ணெய் தடவினால், அது முடித்தண்டுக்குள் இறங்கி, அலசும்போது புரதம் கழிந்துபோவதைக் குறைக்கிறது. இது ஆய்வில் பார்த்த விஷயம். ஆனால் எந்த எண்ணெயும் புது முடியை முளைக்கவைக்காது, எத்தனை மூலிகை படம் போட்டிருந்தாலும் சரி. முடியின் நீளத்துக்குத் தடவுங்கள். நெற்றியிலும் முதுகிலும் வழிய விடாதீர்கள். ஸ்டீராய்டால் வரும் பருவை எண்ணெய் கிளப்பிவிடும். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலில் பாட்டி செய்வது போலத் தலையைப் பரபரவென்று தேய்ப்பதும் வேண்டாம்.

அலசுவது: சீயக்காய் நல்ல பொருள்தான், ஆனால் நறநறவென்று திரிந்த தூள் ஒடிகிற முடிக்கு அரம். சலித்த தூளைக் கஞ்சியிலோ வடிகஞ்சித் தண்ணீரிலோ கரைத்து வடிகட்டிப் போடுங்கள், அல்லது மிதமான ஷாம்பூவைத் தண்ணீரில் கலந்து மண்டைக்கு மட்டும். அப்புறம் நுனிகளுக்குக் கண்டிஷனர். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி இரண்டு சொம்பு மட்டும் குடிதண்ணீர் ஊற்றலாம்.

காயவைக்கும்போது முடியை முன்னால் தொங்கவிட்டு ஈரத் துண்டால் படார் படார் என்று அடிக்கிறோமே, அதை விட்டுவிடுங்கள். ஈர முடி இழுபட்டு ஒடியும். பழைய காட்டன் வேட்டியைச் சுற்றி ஈரத்தை உறிஞ்சவிட்டு, முக்கால்வாசி காய்ந்தபின் அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே மேலே வாருங்கள். பேன் சீப்பை இழுப்பது, ஈரத்தோடு பின்னுவது, இரண்டும் ஆகாது.

இறுக்கமான பின்னலும், உச்சியில் இழுத்துப் போடும் கொண்டையும் நெற்றி முடியை வேரோடு கேட்கும். சவுரி வைப்பதைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள், கல்யாணம் காட்சி என்றால் ஆசை இருக்கத்தானே செய்யும். சவுரியின் எடை முழுவதும் ஏற்கெனவே மெலிந்த முடியில்தான் தொங்கும். இரண்டு மணி நேரம் வைத்துவிட்டு எடுப்பது வேறு, தினமும் பின்னுவது வேறு. பூவும் அப்படியே: நான்கு முழம் மல்லிகையைப் பின் குத்தி ஒரே இடத்தில் தொங்கவிடாமல், கிள்ளு பூ. ரப்பர் பேண்டுக்குப் பதில் லைனிங் மிச்சத்தில் எலாஸ்டிக் நுழைத்த துணி வளையம் தைத்துக்கொள்ளுங்கள், ஐந்து நிமிஷ வேலை. சாட்டின் மிச்சம் இருந்தால் தலையணை உறைக்கு. ஸ்டீராய்டால் தூக்கம் வராமல் புரண்டு புரண்டு படுக்கிறவர்களுக்கு உரசல் குறையும்.

நான் தோள் வரை வெட்டிக்கொண்டேன். பாரம் குறைந்தது, சிக்கு குறைந்தது, அடர்த்தியாகவும் தெரிகிறது. மாமியார் ஒரு வாரம் பேசவில்லை, அப்புறம் அவரே "உனக்கு இது நல்லாத்தான் இருக்கு" என்றார். 'மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும்' என்பதில் உண்மை இல்லை. மேலே சிரைப்பதால் தோலுக்கு அடியில் இருக்கும் வேருக்கு எதுவும் ஆகாது. சமயபுரத்துக்கு வேண்டுதல் என்றால் அது வேறு கதை. பூமுடி கொடுத்தாலும் வேண்டுதல் நிறைவேறும். மொட்டையேதான் என்றால் புது பிளேடு, வெட்டுக்காயம் இல்லாமல், அப்புறம் பல வாரத்துக்கு வெயிலுக்குத் தலையை மூடுவது. லூபஸ்காரர்களின் வெறுந்தலையில் வெயில் படக் கூடாது.

சாயம் அடிக்கிறவர்கள் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பாருங்கள், முன்பு ஒத்துக்கொண்ட சாயமாக இருந்தாலும். தலையில் புண்ணோ செதிலோ இருந்தால் வேண்டாம். மினாக்சிடில் திரவத்தை டாக்டர் சொல்லாமல் ஆரம்பிக்காதீர்கள், அது வழிந்தால் முகத்திலும் முடி வளர்க்கும். அதற்கு நமக்கு ஸ்டீராய்டே போதும்.

முகத்து முடி

இதைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. தலையில் கொட்டுகிறது, கன்னத்தில் முளைக்கிறது, என்ன நியாயம் இது என்று எனக்கும் தோன்றியது உண்டு. இது டோஸைப் பொறுத்தது. டோஸ் குறைந்தபின் சில மாதங்களில் பெரும்பாலும் குறையும்.

அதுவரை என்ன செய்யலாம்? வேக்சிங் வேண்டாம், மெலிந்த தோல் உரிந்து வரும். முடி நீக்கும் கிரீமும் பிளீச்சும் எரிச்சல் தரும். கஸ்தூரி மஞ்சளும் கடலை மாவும் பூசி எதிர்த்திசையில் தேய்த்துத் தேய்த்து எடுப்பது முடியை எடுக்கிறதோ இல்லையோ, தோலை எடுக்கும். முகத்துக்கென்று விற்கும் சின்ன ரேஸரோ பேட்டரி டிரிம்மரோதான் நமக்குப் பாதுகாப்பு. சிரைத்தால் தடிமனாக வளரும் என்பது கட்டுக்கதை. முடியின் நுனி மழுங்கலாக வெட்டுப்படுவதால் சொரசொரப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். த்ரெட்டிங் புருவத்துக்கு மட்டும், நூல் புதிதாக இருக்கட்டும். லேசர் செய்ய நினைத்தால் லூபஸ் இருப்பதையும் மாத்திரைகளையும் முதலிலேயே சொல்லுங்கள். டோஸ் அதிகமாக இருக்கும் காலத்தில் பணத்தைக் கொட்டவும் வேண்டாம், முடி மறுபடி வரும்.

பூனைமுடியாக இல்லாமல் தாடையில் கறுப்பாக, கெட்டியாக வேகமாக வளர்ந்தாலோ, மாதவிடாய் தப்பினாலோ, குரல் கரகரத்தாலோ அது வேறு ஹார்மோன் விஷயமாக இருக்கலாம். காட்டிவிடுங்கள்.

சாப்பாடு, சுருக்கமாக

நகமும் முடியும் கெரட்டின் என்ற புரதம். ஸ்டீராய்டு புரதத்தைக் கரைக்கும். முட்டை, மீன், சுண்டல், பயறு, தயிர் ஒவ்வொரு வேளையும் ஏதாவது ஒன்று. சிறுநீரகம் பாதித்தவர்கள் மட்டும் எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள். முருங்கைக்கீரையில் எலுமிச்சை பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும். காப்பி, டீ ஒரு மணி நேரம் தள்ளி. இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் ஒரே வேளையில் போடாதீர்கள், ஒன்றை ஒன்று தடுக்கும். தைராய்டு மாத்திரைக்கும் இவற்றுக்கும் 4 மணி நேர இடைவெளி. ஊறுகாய், அப்பளம், கருவாடு குறைவாக. முக வீக்கம் அதிலும் கொஞ்சம் வடியும்.

டாக்டரிடம் போகும்போது

ஓ.பி.யில் நமக்குக் கிடைப்பது சில நிமிஷம். 'முடி கொட்டுது சார்' என்றால் 'எல்லோருக்கும் கொட்டும்மா' என்று முடிந்துவிடும். எப்போது ஆரம்பித்தது, அதற்கு மூன்று மாதம் முன்னால் என்ன நடந்தது, டோஸ் எப்போது மாறியது, புது மாத்திரை எது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். வகிட்டு போட்டோக்களைத் தேதியோடு காட்டுங்கள். நகப்பூச்சு, மருதாணி இல்லாமல் போங்கள். நகத்தின் நிறமே டாக்டருக்கு ஒரு பரிசோதனை, விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியும் சாயத்தில் தடுமாறும்.

தேதி வரும்வரை காத்திருக்கக் கூடாதவை: தலையில் வட்டமான தழும்பு, நகத்தைச் சுற்றிச் சீழ், நகத்தில் புதிதாக ஒரு கறுப்புக் கோடு, விரல் நுனியில் ஆறாத புண், முடி கொட்டுவதோடு சேர்ந்து காய்ச்சல், வாய்ப்புண், மூட்டு வீக்கம் அல்லது நுரைத்த சிறுநீர். கடைசியாகச் சொன்ன கூட்டணி வந்தால் முடி அங்கே முக்கியமே இல்லை, நோய் திரும்பக் கிளம்பியிருக்கலாம்.

பர்ஸில் ஒரு சீட்டு இருக்கட்டும்: 'நான் ஸ்டீராய்டு சாப்பிடுகிறேன், இந்த நோய்க்கு, இந்த டோஸ்.' பார்லர்காரப் பெண்ணிடமும், பல் டாக்டரிடமும், நகச்சுற்றுக்கு ஓடும் தெருமுனை கிளினிக்கிலும் அதை எடுத்து நீட்டினால் போதும். டோஸ் மாறும்போதெல்லாம் சீட்டையும் மாற்றி எழுதுங்கள்.